பொங்கல் சாப்பிட வந்த காட்டுப்பன்றி

புது பைக்குக்குப் பூஜை போடாமல் ஓட்டலாமா?

மலேசியாவில் நம்மவர்களிடம் கேட்கவே கூடாத கேள்வி. கார், லோரி, மோட்டார்... சக்கரம் வைத்த எதுவாக இருந்தாலும் முதலில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினால்தான் நமக்கு நிம்மதி. மிதித்து ஓட்டும் மவுண்டன் பைக் மட்டும் என்ன விதிவிலக்கா?

இரண்டு வாரத்துக்கு முன்பு, ஞாயிறு காலை. ஷா ஆலம் பக்கம் நாங்கள் வழக்கமாக ஓட்டும் காட்டுப் பாதை. அது தொடங்கும் இடத்தில் ஒரு பழைய ரப்பர் மரம். மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம், மஞ்சள் துணி — எங்கள் முனீஸ்வரர். அவர் முன்னால் என் தோழி புஷ்பாவின் புது பைக், ஹேண்டில்பாரில் மல்லிகைச் சரத்தோடு நின்றது.

புஷ்பா கிள்ளானில் நர்ஸ். கணவர் இறந்த பிறகு மாதக்கணக்கில் சரியாகத் தூங்காதவள். "உன் பைக்க வாங்கி மேட்டுல மூச்சு வாங்க மிதிச்சேன் பாரு, அன்னிக்குத்தான்டி நல்லா தூங்கினேன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதனால் அந்த பைக் அவளுக்கு மருந்து மாதிரி.

பாத்திரம் நிறைய சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்திருந்தாள். இலை போட்டுப் படைத்தோம். கூடவே ஒரு சீப்பு வாழைப்பழம், உடைத்த தேங்காய். எங்களோடு ஓட்டப் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வரும் அந்தோணி சிலுவையும் போட்டுக்கொண்டு முனீஸ்வரரையும் கும்பிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்!

"பாம்பு, பன்னி எதுவும் குறுக்க வராம பாத்துக்க சாமி" என்று புஷ்பா வாய்விட்டே வேண்டிக்கொண்டாள். படையலை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினோம். சாமிக்கு வைத்ததை எடுக்கலாமா?

திரும்பி வரும்போது கடைசி இறக்கம். புஷ்பா முன்னால் பறந்தாள். வளைவு திரும்பினால் — முனீஸ்வரர் முன்னால் பந்தி நடக்கிறது. ஒரு தாய்ப்பன்றி, கோடு போட்ட குட்டிகள், எல்லோரும் பொங்கலில் முகம் புதைத்தபடி.

சடாரென்று பிரேக் பிடித்ததில் புஷ்பா சறுக்கி விழுந்தாள். சத்தத்தில் குட்டிகள் சிதறின. இப்போது குட்டிகள் ஒரு பக்கம், தாய் மறுபக்கம், நடுவில் இவள்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நான் ஓடத்தான் திரும்பினேன்.

"ஓடாதீங்க!" அந்தோணி கத்தவில்லை, அடித்தொண்டையில் சொன்னார். "அக்கா, பைக்க நடுவுல வெச்சுக்குங்க. முதுக காட்டாம மெதுவா இந்தப் பக்கம் வாங்க."

புஷ்பா எழுந்தாள். பைக்கைத் தடுப்பாகப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்துப் பின்வாங்கினாள். பன்றி பாய்ந்தது. முன் சக்கரத்தில் ஒரே முட்டு... கம்பிகள் நெளிந்தன. எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அவள் விலகி வழி விட்டதும் குட்டிகள் தாயிடம் ஓடின. அவ்வளவுதான், அதற்கு எங்கள்மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது. குடும்பத்தோடு புதருக்குள் போய்விட்டது.

புஷ்பாவுக்கு முழங்காலில் சிராய்ப்பு. நெளிந்த சக்கரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"போதும்டி. இந்த பைக்க வித்துடறேன்."

அதைக் கேட்டு நான்தான் அழுதேன். பைக்கை விற்றுவிட்டால் இவள் மறுபடியும் ராத்திரி முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே...

மாலையில் எங்கள் வாட்ஸ்அப் குழு சூடானது. "சிட்டி கவுன்சிலுக்கு கம்ப்ளெயின் பண்ணுங்க லா, வந்து சுட்டுடுவாங்க" என்று ஒருவர் எழுத, ஆமோதிக்கும் கட்டைவிரல்கள் வரிசையாக விழுந்தன. புஷ்பாவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"யாரும் கம்ப்ளெயின் பண்ணாதீங்க. அது பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு சாப்பிட வந்துச்சு. சாப்பாடு வெச்சது நான்."

கட்டைவிரல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

யோசித்துப் பாருங்கள். மிருகம் குறுக்கே வரக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறோம். வேண்டிய கையோடு அதற்கு இலை போட்டுப் பரிமாறிவிட்டுப் போகிறோம். குரங்கு பையைப் பிடுங்குகிறது என்று திட்டுகிறோம் — அதற்குப் பழம் நீட்டிப் பழக்கியது யார்? வளைவில் வேகத்தைக் குறையுங்கள், குட்டியைப் பார்த்தால் பக்கத்தில் தாய் இருக்கும் என்று நினைவில் வையுங்கள் என்றெல்லாம் நான் சொல்லலாம். சொல்லவும் வேண்டும்தான். ஆனால் சோற்றைக் காட்டிக் கூப்பிட்டுவிட்டு, வந்தவளைச் சுடச் சொல்வது என்ன நியாயம்?

போன ஞாயிறு புஷ்பா வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்தாள், புதுச் சக்கரம் மாட்டிய பைக்கோடு! முகத்தில் பயம் அப்படியே இருந்தது. இந்த முறை பூவும் கற்பூரமும் மட்டும். கும்பிட்டு முடித்ததும், யாரோ வைத்துவிட்டுப் போயிருந்த பழங்களையும் தேங்காய் மூடிகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளத் தொடங்கினாள்.

தோளில், வாழைச் சீப்பு எட்டிப் பார்க்கும் பையோடு அப்போதுதான் வந்து இறங்கிய ஒரு அங்கிள் பதறிவிட்டார்.

"என்னாம்மா இது, சாமிக்கு வெச்சத எடுக்கறீங்க? சாமி கேக்காதா?"

"சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன் அங்கிள். நாளைக்கு அந்தத் தாய சுட்டுட்டாங்கன்னா, குட்டிங்களுக்கு நீங்க பதில் சொல்வீங்களா?"

பையை முடிச்சுப் போட்டு என்னிடம் நீட்டிவிட்டு, பைக்கில் ஏறி மேட்டில் மிதிக்க ஆரம்பித்தாள்.

அங்கிள் தன் பையிலிருந்த வாழைச் சீப்பை வெளியே எடுக்கவே இல்லை.