மூன்றாவது கால்

பழைய தையல் பெட்டி ஒன்று கைக்கு வந்தால் பெட்டிக்காரம்மா உடனே விலை பேசமாட்டார். முதலில் மூடியை வெளிச்சத்தில் பிடித்து, அதில் வரைந்திருக்கும் பறவைக்கு எத்தனை கால் என்று எண்ணுவார். பறவை இல்லாமல் வெறும் பூவாக இருந்தால் முகம் விழுந்துவிடும்.

பக்கத்தில் குடைக்கடை வைத்திருக்கும் எனக்கு இது வேடிக்கை. "எந்தப் பறவைக்கும்மா ரெண்டுக்கு மேல கால்?" என்று சீண்டுவேன். "உன் குடைக்கு ஒத்தைக்கால்தானே தம்பி, நான் ஏதாவது கேட்டேனா?" என்பார்.

அவர் கடை முழுக்க மரப்பெட்டிகள்தான். ஊர் சுற்ற வருகிறவர்கள் ஞாபகத்துக்கு வாங்கிப்போவார்கள். கழன்ற கீலை மாட்டுவார், தூசி தட்டுவார், உள்ளே நூல் கோத்த ஊசி ஒன்றைக் குத்திவைப்பார். ஓவியத்தின் மேல் மட்டும் கைவைக்கமாட்டார். "சாயம் போனா போகட்டும். அடுத்தவங்க வரைஞ்சதுல நாம தூரிகையை வெக்கிறது திருட்டுத்தனம்."

ஒரு மழை நாளில், என் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு, தானாகவே சொன்னார். "அக்கா வரைஞ்ச பெட்டி. பறவையோட ஒரு கால் கொடிக்குள்ள மறைஞ்சிருந்துச்சு, எனக்குத் தெரியல. ஐயோ பாவம், ஒத்தைக்கால்ல நிக்குதேன்னு நான் இன்னொண்ணு போட்டுட்டேன். அடிப்பான்னு பார்த்தா, விழுந்து விழுந்து சிரிச்சா."

அந்த அக்கா வீட்டோடு சண்டை போட்டு, பிடித்தவரோடு கப்பலேறியபோது எடுத்துப்போனது அந்தப் பெட்டி ஒன்றைத்தான். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. "உசுரோட இருக்கிறவரைக்கும் அவ அதை விக்கமாட்டா. அது என் கடைக்கு வந்தா அவ இல்லேன்னு அர்த்தம். ஆனாலும் கண்ணு தேடுதே, என்ன பண்ண?"

போன வாரம் ஒருவர் காகிதம் சுற்றிய பெட்டியோடு வந்தார். "துறைமுகத்துல வாங்கினதுங்க. மூடியில பறவை, சுத்திக் கொடி" என்றார். பெட்டிக்காரம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தம்பி, நீயே பிரிச்சு எண்ணு" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார்.

எண்ணினேன். கொடிக்குள்ளும் தேடினேன். "ரெண்டுதாம்மா."

"நல்ல வேளை" என்றார். குரல் சந்தோஷமாக இல்லை. கேட்ட விலைக்கே வாங்கிக்கொண்டார்.

கடையடைக்கும் நேரத்தில், விலைப்பலகை எழுத நான் வைத்திருக்கும் கறுப்புச் சாயத்தையும் தூரிகையையும் கேட்டு வாங்கிப்போனார். என்னத்துக்கு என்று எட்டிப் பார்த்தேன். அந்தப் பெட்டியை மடியில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பறவையின் வயிற்றுக்குக் கீழே மெல்ல ஒரு கால் வரைந்துகொண்டிருந்தார்.