எஸ்தர் டீச்சரின் இங்கிலீஷ்

எஸ்தர் டீச்சர் இன்று காலை போய்விட்டார். ஆறு மாதமாக கேன்சர். தெரிந்ததுதான்... ஆனாலும் டைப் பண்ண விரல் வரவில்லை. அடக்கம் நாளை, ஓரிக்கையில்.

காஞ்சிபுரத்தில் எங்கள் தொடக்கப் பள்ளியில் இங்கிலீஷ் மீடியம் ஆரம்பித்தபோது, அந்த வகுப்பை எடுக்க ஒருவரும் முன்வரவில்லை. எல்லோரும் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள். நான் கழுத்து வலி என்று சொல்லித் தப்பித்தேன். டீச்சர் கை தூக்கினார்.

பேரன்ட்ஸ் மீட்டிங்கில் எடுத்த எடுப்பிலேயே, "எனக்கே இங்கிலீஷ் பேச தடுமாறும்மா. கத்துக்கினுதான் சொல்லித் தரப்போறேன்" என்றார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

பின்வரிசையில் இருந்த நெசவாளர் ஒருவர், "பரவால்ல டீச்சர், நானும் தறியில குந்திதான் கத்துக்கினேன்" என்றார்.

அப்புறம் அந்த போன்... தினமும் மதியம் சாப்பிட்டதும் கஸ்டமர் கேருக்குக் கூப்பிடுவார். ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்துவார். நெட்வொர்க், ரீசார்ஜ் என்று எதையாவது கேட்டு ஐந்து நிமிடம் இங்கிலீஷில் பேசுவார். பேசிப் பழக வேறு ஆள் இல்லையாம்.

அதை ஸ்டாஃப் ரூமில் நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தது நான்தான்.

"சிரிப்பா இருக்குதாபா உனக்கு? நான் தப்பா சொன்னா முப்பது பசங்க வாயில அது போய் உக்காந்துக்கும்."

கோபமே இல்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

ஒருமுறை இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி இங்கிலீஷில் ஏதோ கேட்டார். இரண்டாம் வகுப்புப் பெண் ஒன்று பதில் சொல்லிவிட்டு, அவரையே இங்கிலீஷில் திருப்பிக் கேள்வி கேட்டது.

தலைமையாசிரியர் பிரமோஷன் முதலில் டீச்சருக்குத்தான் வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்து இருந்த எனக்கு வந்தது, இதே பள்ளியில். ஏன் டீச்சர் இப்படி என்று கேட்டேன்.

"இப்பதான்பா எனக்கு இந்த வேல நல்லா வருது. இப்ப போய் ஃபைல பாருன்றியே."

எனக்கு நாலு மணி பெல் எப்போது அடிக்கும் என்றிருக்கும். அவருக்கு அது அடித்ததே கேட்காது. இப்படி ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை.

லீவில் போன பிறகும் தினமும் பாடத்தை வாசித்து எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார், வகுப்பில் போட. நேற்று இரண்டு வந்தன.

இரண்டாவதன் கடைசியில், மூச்சு வாங்கிக்கொண்டே... "மொதல்ல அனுப்பனதுல ஒரு எடத்துல தப்பா படிச்சிட்டேன்பா. அத அழிச்சிடு. இத பசங்களுக்கு போடு."

திங்கட்கிழமை இரண்டாவதைப் போடுகிறேன் டீச்சர்.

முதலாவதை அழிக்க மனசு வரவில்லை... இந்த ஒரு தப்பு என்னிடமே இருக்கட்டும். போய் வாருங்கள்.