திருஷ்டிக்குத் தொங்கிய இன்ஸ்பெக்டர்

2024 ஜனவரி 21, ஞாயிறு, காலை ஆறு நாற்பது. வாசலில் நிற்கும் பலாமரமே தெரியாத பனி. அலமாரியில் ஏழு ஜக்குகள்தாம் இருந்தன. மூன்று முறை எண்ணினேன்.

பீங்கான் ஜக்குகள் சேர்ப்பவன் நான். பழைய சித்திரக்கதைத் தொடர் ஒன்றில் வரும் எட்டுப் பேரின் தலை வடிவில் செய்தவை. காணாமல் போனது இன்ஸ்பெக்டர்: பிதுங்கிய கண், காதுவரை மீசை, கத்தும் வாயில் தொங்கும் நாக்கு, கைப்பிடியாக ஒரு லத்தி. அவர் ஒருவருக்காக நான்கு வருடம் தேடினேன்.

"பக்கத்து நிலத்துக்காரரு, புது வூட்டுக்கு கண்ணு படாம கட்ட மூஞ்சி ஒண்ணு வேணும்னாரு. இருக்கறதுலயே கோரமானத குடுத்தேங்க" என்றாள் மனைவி.

"அது திருஷ்டி பொம்மையா?"

"நாக்க தொங்கவுட்டுக்குனு இருந்தா வேற இன்னாவாம்?"

ஓடினேன். பூசாத சுவரின் உச்சியில், எலுமிச்சைக்கும் மிளகாய்க்கும் நடுவே, பழைய கயிற்றில் இன்ஸ்பெக்டர் ஆடிக்கொண்டிருந்தார். கைதட்டி விரட்டினாலும் நகராத குரங்கு ஒன்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கட்டினத நடுவுல அவுத்தா வூட்டுக்கு ஆவாது சார். பால் காய்ச்சின அன்னிக்கி நானே கொண்ணாந்து தர்றேன்" என்றார் நிலத்துக்காரர்.

"எப்போ காய்ச்சுவீங்க?"

"கதவும் பூச்சு வேலையும் பாக்கி. அடுத்த சாமைய வித்துட்டு பாக்கணும்."

இன்னும் விதைக்கவே இல்லை! அன்றே எண்பத்தைந்து ரூபாய்க்கு நைலான் கயிறு வாங்கிக் கொடுத்தேன். அப்படியும் தூக்கம் வரவில்லை. காற்றடித்தால் எழுந்து உட்கார்ந்தேன். கடைசியில் செங்கம் போய்க் கதவு எடுத்தேன், பூச்சுக்கும் பணம் கொடுத்தேன். மொத்தம் இருபத்தைந்தாயிரத்து ஐந்நூறு, கைமாற்றாக. சாரம் ஏறும்போதெல்லாம் மேஸ்திரி இன்ஸ்பெக்டருக்கு சல்யூட் அடித்தார். நான் கீழே போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மார்ச்சில் பால் பொங்கியது. இன்ஸ்பெக்டர் இறங்கினார், முழுசாக. கன்னத்தில் மட்டும் எனாமல் பெயிண்டில் பெரிய கறுப்புப் பொட்டு.

"அவருக்கும் கண்ணு படக்கூடாதுல்ல சார்" என்றார் நிலத்துக்காரர். பிறகு தயங்கி, "அந்தப் பணம்..." என்று ஆரம்பித்தார்.

"அது மொய்ங்க!" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டாள் என் மனைவி. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

திரும்பும் வழியில், "ஊர்ல இன்னும் மூணு வூடு கட்டறாங்க, மூஞ்சி இருக்கான்னு கேட்டாங்க" என்றாள்.

நூற்றெண்பது ரூபாய்க்கு அலமாரிக்குப் பூட்டு வாங்கினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்க்கு வாங்கிய இன்ஸ்பெக்டரை மீட்டுப் பூட்டிவைக்க ஆன செலவு: இருபத்தைந்தாயிரத்து எழுநூற்று அறுபத்தைந்து ரூபாய்.