தமுக்குச் சத்தம் எட்டாத வீடு

எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் ஒருநாள் விடிகாலையில் ரோஸ் நிறமாக இருந்தது. நாவல்பழத்தைக் கசக்கி விட்டதுபோல நிறம். சுதந்திரம் வந்து ஓரிரு வருஷம் இருக்கும். சங்கரன்கோவிலில் ஆடித்தபசு முடிந்து கூட்டம் கலைந்த கையோடு வாந்திபேதி வந்துவிட்டது. அதனால் கிணறுகளுக்கெல்லாம் மருந்து போட்டிருந்தார்கள். அந்த நிறத்தைப் பார்த்துத் தெருவில் யாரும் பயப்படவில்லை. முந்தின நாளே தமுக்கு அடித்து எல்லாருக்கும் சொல்லியாயிற்று. எல்லாருக்கும் என்றா சொன்னேன்? காது கேட்கிறவர்களுக்கு.

அடுத்த வீட்டில் என் மதினி இருந்தாள், என் வீட்டுக்காரருக்கு அக்காள். கல்யாணமான புதிதில் வந்த விஷக்காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. பேச்சு மட்டும் கணீரென்று இருக்கும். எட்டு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண்பிள்ளைக்கு அப்போது மூன்று வயது. மதினியின் சுத்தத்தைப் பற்றி என்ன சொல்ல! நெசவுத் தெருவில் எவனாவது சாயத் தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டால் போதும், அன்றைக்கு அவன் பாடு திண்டாட்டம்தான்.

தமுக்கு வந்த சாயங்காலம் தெருவில் கஞ்சி போட்ட பாவு நூலை நீளமாக விரித்திருந்தோம். நான் அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தேன். கிணற்றில் மருந்து போட்டிருக்கிறது, நிறம் மாறும், அதையே குடியுங்கள், குளம் ஊருணித் தண்ணீரைத் தொடாதீர்கள் என்று தமுக்குக்காரர் சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் வேலையை நிறுத்திக் கேட்டதைப் பார்த்த மதினி, வாசலிலிருந்தே என்னைப் பார்த்து, என்ன என்று கையை விரித்தாள். அவளுக்கு விளங்கச் சொல்வதென்றால் எழுந்து போய், முகத்துக்கு நேரே நின்று, கையும் வாயுமாகச் சொல்லவேண்டும். பாவு காய்வதற்குள் வேலை முடியவேண்டும். 'ஒண்ணுமில்லை' என்று கையை ஆட்டினேன். அவளும் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அந்த நிறத்தைப் பார்த்தவள், எவனோ சாயச் சட்டியைக் கிணற்றில் கழுவிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். யாரென்று தெரியாத ஆத்திரத்தில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. இடுப்பில் குடத்தோடு ஒரு மைல் நடந்து, ஊருணியில் தெளிந்து கிடந்த தண்ணீரைக் கொண்டுவந்து பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறாள். மூன்றாம் நாள் பிள்ளை வாந்திபேதியில் விழுந்துவிட்டது. மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உப்புத்தண்ணீர் ஏற்றினார்கள். இரண்டு நாள் பிழைக்குமா பிழைக்காதா என்று கிடந்து, ஒருவழியாகக் கண் திறந்தது.

பிள்ளை வீடு வந்த அன்று சுகாதார இன்ஸ்பெக்டர் விசாரிக்க வந்தார். தெருவே வாசலில் நின்றது. "செவிட்டுச் சிறுக்கி, பிள்ளையைக் கொல்லப் பாத்தாளே" என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். மதினிக்கு வார்த்தை எட்டவில்லை. ஆனால் முகங்களைப் படித்துவிட்டாள். பிள்ளையை இறுக்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். "தமுக்கு அடிச்சமே, இந்த அம்மாவுக்கு யாரும் சொல்லலையா?" என்றார் இன்ஸ்பெக்டர். நான் பேசாமல் இருந்திருந்தால் பழி அவளோடு போயிருக்கும்.

"மதினி என்னன்னு கேட்டாக சார். நாந்தான் ஒண்ணுமில்லைன்னு கையாட்டிட்டேன்."

மதினி என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "என்னட்டி சொன்னே அவருகிட்ட?"

அழுகை முட்டியது. துடைத்துக்கொண்டு, அவள் முகத்துக்கு நேரே நின்று, தமுக்கிலிருந்து தொடங்கினேன். கிணற்று மருந்து, ஊருணி, அறுந்த இழை, நான் ஆட்டிய கை, எதையும் விடவில்லை. என் உதட்டையும் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றாள். முடித்ததும் ஓங்கி ஓர் அறை விட்டாள். காது ரெண்டு நாள் ரீங்கரித்தது. வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய? அவள் மூச்சு வாங்க நின்றாள். பிறகு பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

"பாத்துக்கோ. நான் கிணத்துல தண்ணி எடுத்துட்டு வாரேன்."