பேருந்து நிறுத்தத்தில் என்னைப் பற்றி

1997 ஆகஸ்ட் தேதியிட்ட என் பணி நியமன ஆணையின் ஐந்தாவது பத்தி: இரண்டாண்டு தகுதிகாண் காலத்தில் பணியோ நடத்தையோ திருப்தியாக இல்லாவிட்டால், காரணம் கூறாமல் விடுவிக்கலாம். தமிழாக்கம் என்னுடையது. ‘காரணம் கூறாமல்’ என்ற இரண்டு சொற்கள் அந்த நாட்களில் சோற்றுத் தட்டின் முன்னாலும் நினைவுக்கு வரும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோர ஆராய்ச்சி அலுவலகமொன்றின் வரைபடப் பிரிவில் சேர்ந்திருந்தேன். பிரிவுத் தலைவர் மற்றவர்களின் வரைபடங்களில் பேனாவால் கையெழுத்திடுவார், என்னுடையவற்றில் பென்சிலால். அழிக்க வசதியாக என்று எடுத்துக்கொண்டேன். ஒரு கோட்டை நான்கு முறை அளப்பேன். பின்னால் யாராவது இருமினால் என்னைத்தான் குறிப்பிடுகிறார்கள் என்று தோன்றும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரம் போய், பாதியில் விட்ட குடைவரையின் முன் நிற்பேன். இதைச் செதுக்கியவனையும் காரணம் கூறாமல் விடுவித்திருப்பார்களோ என்று யோசிப்பேன்.

மறு ஆண்டு பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்தில், என் அறைக்கு எதிரிலிருந்த டீக்கடைக்காரர் கூப்பிட்டார்.

“இன்னா சார், ஒர்த்தரு உன்ன விசாரிச்சிகினு இருந்தாரு. டக் பண்ண சொக்கா, தோல் பை.”

“என்ன கேட்டாரு?”

“வேல பர்மனென்டா, எத்தினி மணிக்கு வூட்டுக்கு வர்றான், பாட்டில் கீட்டில் உண்டானு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சக்கர கம்மியா கேக்கற ஆளுன்னேன். வேற இன்னா கீது என்கிட்ட?”

வேலையில் சேரும் முன்பே போலீஸ் விசாரணை முடிந்திருந்தது. ஆகவே இது அலுவலகமே ஆள் வைத்து நடத்தும் இரண்டாவது விசாரணை என்று முடிவுகட்டினேன். அன்று மாலை அலுவலகப் பேருந்திலிருந்து இறங்கியபோது சந்தேகம் தீர்ந்தே போனது. எனக்கு முன்னால் இறங்கியிருந்த பிரிவுத் தலைவரோடு தோல் பைக்காரர் பேசிக்கொண்டிருந்தார். நான் நெருங்கியதும் பேச்சு நின்றது. தலைவர் என்னைப் பார்த்து, தேவையில்லாமல் தலையாட்டினார்.

அந்த வாரம் பெட்டியில் துணிகளை அடுக்கி வைத்தேன். ஞாயிறன்று, வேலை போகலாம் என்று வீட்டாரைத் தயார்ப்படுத்த எஸ்டிடி பூத்துக்குப் போனேன். நான் ஆரம்பிப்பதற்குள் அம்மா கேட்டாள்:

“ஏம்ப்பா, பொண்ணோட மாமா உன் ஆபீஸ் பக்கம் வந்தாராமே, பாத்தியா?”

“எந்தப் பொண்ணு?”

“ஜாதகம் பொருந்தியிருக்கு. சொன்னா வேண்டாம்பேன்னுதான் அப்பா சொல்லல.”

பூத்திலேயே சிரித்துவிட்டேன். துணிகளை மீண்டும் கொடியில் போட்டேன். ஆனால் நிம்மதி பத்து நாள்கூட நீடிக்கவில்லை. பெண் வீட்டாரிடமிருந்து பதிலே வரவில்லை. டீக்கடைக்காரர் நல்லதாகத்தான் சொல்லியிருக்கிறார். அப்படியானால் பேருந்து நிறுத்தத்தில் என்ன சொல்லப்பட்டது? மீண்டும் நான்கு முறை அளக்கத் தொடங்கினேன். ‘அவர்களுக்கு மெட்ராஸ் மாப்பிள்ளைதான் வேண்டுமாம்’ என்று அப்பா பிறகு சொன்னார். அப்பா என் மனம் நோகாமல் பேசக்கூடியவர் என்பதால் அதையும் நான் நம்பவில்லை.

1999இல் பணி உறுதியானது. வரைபடங்களில் பென்சில் எப்போது பேனாவாக மாறியது என்று நான் கவனிக்கவில்லை, கவனித்திருக்க வேண்டும்.

2004இல், ஓய்வுபெற்றிருந்த அந்தத் தலைவரைச் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் பார்த்தேன். கேட்டேவிட்டேன்.

“அப்படி யாரும் என்கிட்ட வரலியேப்பா,” என்றார்.

அவர்கள் பேசியதை நான் கண்ணால் பார்த்தேன். அவர் மறந்துவிட்டாரா, மறைத்தாரா, அல்லது தோல் பைக்காரர் அவரிடம் பேருந்து நேரம்தான் கேட்டாரா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.