பட்டியலின் முதல் வரி

ஆஸ்பத்திரியில் அவளைத் ‘தட்டம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பரிசோதனைக்கூடத்தில் கிருமி வளர்க்கும் தட்டுகளோடு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தினால் வேறென்ன பெயர் கிடைக்கும்? நோயாளியின் சீழிலிருந்து எடுத்த கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து ஊறிய பொட்டளவு காகித வில்லைகளை மேலே வைத்து, ஒரு நாள் கதகதப்பில் விடுவாள். மறுநாள் பார்த்தால், கேட்கும் மருந்தைச் சுற்றி மட்டும் கிருமி வளராமல் வட்டமாக வெறுமையாக இருக்கும். கேட்காத மருந்தென்றால் வில்லையின் விளிம்புவரை மொய்த்திருக்கும். வட்டங்களை அளந்து, கேட்கும் மருந்துகளைப் பட்டியல் போட்டு வார்டுக்கு அனுப்புவது அவள் வேலை.

சேர்ந்த புதிதில் சின்ன மருந்துகளைத்தான் மேலே எழுதுவாள். சின்னது கேட்டால், வேறெதற்கும் அடங்காத கிருமிக்கென்று வைத்திருக்கும் பெரிய மருந்தைப் பற்றி மூச்சு விடமாட்டாள். அப்படித்தான் படித்திருந்தாள். ஒருநாள் பெரிய டாக்டர் போனில் கொதித்தார்.

“ஏம்மா, பெரிய மருந்து கேக்குமான்னு ஏன் போடல? எனக்கு அதான் வேணும். அத முதல் வரியில போடு.”

“சின்னதே நல்லா கேக்குது டாக்டர்...”

“உன் தட்டுல கேக்கும். பேஷன்ட் செத்தா நீயா வந்து பதில் சொல்லுவ?”

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வானேன்? மறுநாளே பெரிய மருந்து முதல் வரிக்கு ஏறிவிட்டது. பட்டியலைக் கடைசிவரை படிக்கிற டாக்டரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மற்றவர்கள் முதல் வரியோடு பேனாவை எடுத்துவிடுவார்கள். சாதாரணக் கட்டிக்கும் அதே ஊசி, விரல் காயத்துக்கும் அதே ஊசி. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். ஆனால் போன் வருவது நின்றது. அவளும் நிம்மதியாக மதியச் சாப்பாடு சாப்பிட்டாள். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது அவளுக்கு உடம்பு கூசுகிறது.

கிருமி சும்மா இருக்குமா? ஊசி போட்டதும் பெரும்பாலானவை செத்துப்போகும். தப்பிய ஒன்றிரண்டு, இடம் காலியாகிவிட்ட குஷியில் பல்கிப் பெருகும். தப்பிக்கிற சூட்சுமத்தைப் பக்கத்துக் கிருமிக்கும் கைமாற்றிவிடும். அந்த விஷயத்தில் அவற்றிடம் கஞ்சத்தனமே கிடையாது. அவசரத்தில் கழுவாத கை, கட்டுப் போடும் தள்ளுவண்டி, கட்டில் கம்பி என்று கிடைத்ததில் ஏறி அடுத்த நோயாளியிடம் போய்ச்சேரும். முதல் வரி மருந்தின் வட்டம் வருஷத்துக்கு வருஷம் சுருங்கியதை ஸ்கேலும் கையுமாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். யாரிடமாவது சொல்லியிருக்கலாம். நமக்கெதற்கு வம்பு என்று இருந்துவிட்டாள்.

போன மாதம் அவளுடைய அண்ணன் மாடிப்படியில் சறுக்கித் தொடை எலும்பை முறித்துக்கொண்டார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஒரு கோழியைக்கூட இடிக்காதவர், சொந்த வீட்டுப் படியில் விழுந்தார். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று பிள்ளைகள் கேட்டதற்கு, “என் தங்கச்சி இருக்கற எடத்துல எனக்கென்னடா பயம்?” என்று இங்கேயே வந்து படுத்தார். கம்பி வைத்துத் தைத்த இடத்தில் பத்தாம் நாள் சீழ் வைத்தது.

அந்தச் சீழும் அவளிடம்தான் வந்தது. தட்டின் மூடியைத் திறந்தாள். பன்னிரண்டு வில்லைகள், ஒன்றைச் சுற்றியும் வட்டமில்லை. நம்பாமல் புதுத் தட்டு போட்டுப் பார்த்தாள், அதுவும் அப்படியே. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று எப்போதோ ஒதுக்கிவைத்த பழைய மருந்து ஒன்றை டாக்டர்கள் தேடிப்பிடித்துக் கொடுத்தார்கள். நாலாம் நாள் அண்ணனுக்கு முகமும் கையும் வீங்கின. மருந்தை நிறுத்தினார்கள். உயிர் வேண்டுமென்றால் நாளைக்கே காலை வெட்டி எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று மதியம் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் வரிக் கதை முழுவதையும் அண்ணனிடம் சொன்னாள்.

“டாக்டர் சொன்னதத்தானம்மா செஞ்ச?”

“தப்புன்னு தெரிஞ்சேதாண்ணா செஞ்சேன்.”

அவர் திட்டியிருந்தால் தேவலை. பரவாயில்லை என்று சொல்லியிருந்தாலும் அழுது தீர்த்திருப்பாள். அவர் இரண்டும் செய்யவில்லை. போர்வைக்கு மேலே தொடையைத் தடவிக்கொண்டார். பிறகு பக்கத்துக் கட்டிலில் கையில் கட்டோடு தூங்கிக்கொண்டிருந்த வெல்டரைக் கண்ணால் காட்டினார்.

“பாவம், சின்ன வயசு. வேலை செய்யற கை. அவருக்கும் சீழ் எடுத்துட்டுப் போனாங்களே, அவருக்காவது கேக்கற மருந்து இருக்காம்மா?”

“இன்னும் பாக்கலண்ணா” என்றாள். காலையிலேயே பார்த்திருந்தாள்.