கம்பம் பிடுங்கும் வரை

இன்று காலை எங்கள் அடுக்ககத்துக் கார்களின் மேல் வேப்பம்பூ உதிர்ந்து கிடந்தது. காவலாளி துணியால் தட்டிக்கொண்டிருந்தார். அந்த இளங்கசப்பு மணம் வந்தால் எனக்குப் பூச்சாட்டு நினைவுதான்.

எங்கள் ஊர் பல்லடம் சாலையில் இருக்கிறது. வேம்பு பூத்ததும் பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை மாரியம்மனுக்குப் பூச்சாட்டித் திருவிழாவைத் தொடங்கி, கோயில் முன்னால் முக்கவர் வேப்பங்கிளையைக் கம்பமாக நடுவார்கள். காலையில் பெண்கள் அதற்கு மஞ்சள் நீர் ஊற்றுவார்கள்; சாயங்காலம் ஆண்கள் அதைச் சுற்றி ஆடுவோம். நான் அடி தவறாமல் ஆடியதே இல்லை, அது வேறு கதை. பூச்சாட்டும்போது ஊரில் இருப்பவர்கள், பதினைந்தாம் நாள் கம்பம் பிடுங்கும்வரை வெளியூரில் இரவு தங்கக் கூடாது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் மில் குமாஸ்தா. வெள்ளகோவிலில் கட்டிக்கொடுத்திருந்த தங்கை சாந்தாமணி, அந்த வருஷம் பூச்சாட்டுக்கு முந்தின நாள் சொல்லாமல் வந்து நின்றாள். முழங்கைக்கு மேல் கன்றிப்போயிருந்தது.

"எருமை முட்டிப்போடுச்சுங்ணா."

அவர்கள் வீட்டில் எருமை கிடையாது. நாங்கள் யாரும் அதைச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மாப்பிள்ளை அழைத்துப்போக வந்தார். அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"பூச்சாட்டிப்போட்டாங்க மாப்பளே. கம்பம் புடுங்காம அனுப்புனா ஆத்தாளுக்கு ஆகாதுங்க."

"அப்ப அங்க வந்து சோறாக்கறது ஆத்தாளுங்களா?"

வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். சாந்தாமணி அன்று மத்தியானம் அசந்து தூங்கினாள். மறுநாளிலிருந்து மஞ்சள் நீர்க் குடத்தோடு எல்லோருக்கும் முன்னால் போனாள்.

கம்பம் பிடுங்குகிற அன்று என்னிடம் வந்து, "ஏனுங்ணா, இன்னொரு பத்து நாளைக்குக் கம்பத்தை உட்டு வெக்கச் சொல்லுங்களே" என்றாள்.

"அப்பறம் அது வேர் புடிச்சுப்போடும் கண்ணு" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

வேம்பு பூத்த நாள், குயில் முதலில் கூவிய நாள் என்று குறித்துவைக்கிற ஆள் நான். அன்றைய டைரியில் இருப்பது: "கம்பம் பிடுங்கியாயிற்று. கடும் வெயில். சாந்தாமணி ஊருக்குப் போனாள்." பஸ் ஏற்றிவிட்டவனே நான்தான்.

அடுத்த பங்குனிக்கு மாப்பிள்ளை அவளை அனுப்பவில்லை. ஆடியில் செய்தி வந்தது. கிணற்றில் தவறி விழுந்துவிட்டாள் என்றார்கள். எருமையை நம்பியது மாதிரியே அதையும் நம்பினோம்.

இப்போது பூச்சாட்டு எட்டே நாள். வெளியூரில் தங்கக் கூடாது என்பதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. ஊர் எல்லைக்கல்லே பைபாஸுக்கு அடியில் போய்விட்டது. அம்மாவும் இல்லை. ஆத்தாளுக்கு ஆகாது என்று சொல்லத் தெரிந்த எங்களில் ஒருவருக்கும், "நீ இங்கேயே இருந்துக்க அம்மணி" என்று சொல்ல அந்தப் பதினைந்து நாளில் வாய் வரவில்லை.